மரம் வாங்கியாச்சு, மணலுக்கு எங்கே போவது?

"போட் வாங்கிட்டியாமே?" என்று விசாரிக்கிறவர்கள் அத்தனை பேரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "என்ன இன்ஜின்?" இன்ஜின் கிடையாது, பாய் கட்டி ஓட்டுகிற பழைய கட்டுமரம் என்று சொன்னால் முகம் லேசாகத் தொங்கிவிடும். என் மச்சான் மட்டும் மனசில் பட்டதை அப்படியே சொன்னான். "அதான், விறகு வாங்கியிருக்கேன்னு சொல்லு." பெரிய தப்பில்லை. பில் போட்டிருந்தால் அப்படித்தான் போட்டிருப்பார்கள்: கட்டை ஐந்து, மூங்கில் ஒன்று, பாய் ஒன்று, துடுப்பு இரண்டு.

வீட்டில் எதிர்ப்பு வேறு தினுசு. "அந்த மனுஷன் கப்பல் கப்பலா இருந்ததையே உதறிட்டு இந்த ஊருக்கு வந்து உட்கார்ந்தாரு. நீங்க இங்க உட்கார்ந்துகிட்டு புதுசா வாங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. பட்டினத்தாரைச் சொல்கிறாள். அவர் அடங்கிய இடம் எங்கள் வீட்டிலிருந்து பொடிநடை தூரம், கடலை ஒட்டி. பட்டினத்தாரை எதிர்த்து வாதாடி ஜெயித்தவன் யாரும் இல்லை என்பதால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் மீனவன் இல்லை. மணலி பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். ஆனால் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். பள்ளிக்கூடம் விட்டால் குப்பத்துக் கரைதான். அப்போதெல்லாம் மதியத்துக்கு மேல் போனால் கட்டுமரங்களைப் பிரித்துக் கட்டை கட்டையாக மணலில் காயப்போட்டிருப்பார்கள். அவற்றின் மேல் உட்கார்ந்து, விரட்டும்வரை அரட்டை அடிப்போம். இன்றைக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போனால் கருங்கல், கருங்கல்லுக்கு அப்பால் நீலமும் வெள்ளையுமாக ஃபைபர் படகுகள். மரத்தைக் காணோம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. அதில் வரும் பையன்களுக்கு கட்டுமரம் என்பது பாடப்புத்தகப் படம்.

பாய்மரப் படகு ஓட்ட ஆசைப்பட்டால் சென்னையில் முறையான வழி இருக்கிறது. துறைமுகத்துக்குள்ளேயே ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப் இருக்கிறது, 1911-இல் தொடங்கியது. சின்னச் சின்ன ஃபைபர் டிங்கிகள், வகுப்புகள், பந்தயங்கள் எல்லாம் உண்டு. இந்த கிளப்பைப் பற்றிப் பிறகு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. நான் உட்கார்ந்து அரட்டை அடித்த கட்டைகள் தண்ணீரில் எப்படி ஓடின என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

சரி, எங்கே கிடைக்கும்? திருவொற்றியூர் குப்பத்தில் கேட்டேன். சிரித்தார்கள். கே.வி.கே. குப்பம், காசிமேடு, எண்ணூர் தாழங்குப்பம் என்று விசாரித்துக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் ஒரே வரலாறு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மரங்கள் அடித்துக்கொண்டு போயின. அதற்குப் பிறகு நிவாரணமாக வந்தது எல்லாம் ஃபைபர். இந்தக் கடற்கரையில் சில ஊர்களில் போனதை விட வந்தது அதிகம். மரம் அதற்கு முன்பே மெல்ல மெல்லக் குறைந்துகொண்டுதான் வந்தது. சுனாமி கணக்கை முடித்துவைத்தது.

இதற்காக மீனவர்களைக் குறை சொல்லி உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. அலை மேலேயும் வரும், கட்டைகளின் இடுக்கு வழியாகக் கீழேயிருந்தும் வரும். விடியற்காலை இரண்டு மணிக்கு இடுப்பளவு நனைந்து உட்கார்ந்து, பத்து மணிவரை அப்படியே இருந்து, கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து திரும்புகிற வேலையை ஒருத்தன் விட்டுவிட்டால் அதில் குற்றம் என்ன? ஃபைபர் படகில் உட்கார்ந்தால் நனையாது. ஐஸ் பெட்டி வைக்கலாம். தூரமாகப் போகலாம். எனக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு வயிறு.

படித்தவர்களும் இதோடு மல்லுக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979-இல் மெட்ராஸைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. அலையடிக்கிற மணற்கரையில் நேராக வந்து இறங்கக்கூடிய படகு ஒன்றைக் கண்டுபிடிப்பது அதன் பெரிய கனவுகளில் ஒன்று. அதே காலத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பாதிரியார் பிளைவுட்டில் படகு கட்டிக்கொண்டிருந்தார். அந்த அனுபவத்தை அவர் ஒரு புத்தகமாக எழுதினார். தலைப்பு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சின்னது அழகானது என்று உலகமே பேசிக்கொண்டிருந்த காலத்தில் சின்னது கஷ்டம் என்று தலைப்பு வைத்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

எண்ணூரில் ஒரு மரம் இருப்பதாகத் தெரிந்து போனேன். மரம் இருந்தது, ஆனால் கறுப்பாக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் கலந்து வந்ததே, அப்போது நனைந்தது. ஃபைபரில் எண்ணெய் பட்டால் துடைக்கலாம், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கலாம். மரம் குடித்துவிடும். ஒரு வெயில் அடித்தால் கட்டை வியர்த்து மறுபடி மேலே வருகிறது. "எட்டு மாசமா காயுது தம்பி, கை வெச்சா இன்னும் ஒட்டுது" என்றார் அதன் சொந்தக்காரர். அதை விற்க அவரே கூச்சப்பட்டார்.

கடைசியில் பழவேற்காடு பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் ஒன்று சிக்கியது. தனியாகப் போக பயம். திருவொற்றியூர் குப்பத்தில் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இளவயதில் மரத்தில் தொழில் செய்தவர், பிறகு மகன்களின் ஃபைபர் படகுக்கு வலை பின்னி உட்கார்ந்திருப்பவர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்ததும் குஷியாகிவிட்டார்.

அங்கே மரம் கட்டின நிலையில், அணியம், அதாவது முன்முனை, கடலைப் பார்த்தபடி ஜம்மென்று நின்றது. எனக்கு அப்போதே பணத்தை எடுத்து நீட்டிவிடலாம் என்றிருந்தது. பெரியவர் அதைச் சுற்றிக்கூட வரவில்லை. "கயித்த அவுரு" என்றார்.

விற்பவருக்கு முகம் மாறியது. "நல்லா கட்டிருக்குது தாத்தா, பாத்துக்கோங்க."

"கட்டின மரத்த எவன்பா வெல பேசுவான்? அவுரு."

அவிழ்த்தார்கள். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்து இறுக்கியிருந்த கயிறு போனதும் ஐந்து கட்டைகளும் தனித்தனியாக மணலில் சாய்ந்தன. அப்போதுதான் உண்மையான பரிசோதனை ஆரம்பித்தது. துடுப்பின் கைப்பிடியால் ஒவ்வொரு கட்டையையும் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை தட்டிக்கொண்டே வந்தார். காய்ந்த இடம் 'டக்' என்றது. ஊறின இடம் 'தொப்' என்றது. நான் தொழிற்சாலையில் பேரிங்குக்குக் காது வைத்துப் பார்க்கிறவன்; இந்தச் சத்தம் எனக்குப் புரிந்தது.

அடுத்து கயிறு கடித்த பள்ளங்கள். கட்டையின் மற்ற இடமெல்லாம் வெயிலில் காயும். கயிற்றுக்கு அடியில் மட்டும் ஈரம் நிற்கும். உளுப்பு அங்கேதான் தொடங்கும். பேனாக்கத்தி முனையை வைத்து அழுத்தினார். நான்கு கட்டைகளில் முனை நுழைய அடம்பிடித்தது. இடது ஓரக்கட்டையில் இரண்டு இடத்தில் சுலபமாக இறங்கியது.

பிறகு அடிப்பக்கத்தைப் புரட்டச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கப்பல் புழு வெளியே காட்டிக்கொள்ளாது. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். கடல் தண்ணீரில் கிடக்கிற மரத்தில் குண்டூசித் தலையளவு துளை போட்டுக் குட்டியாக நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, விரல் நுழைகிற அளவுக்குச் சுரங்கம் தோண்டி, சுவருக்குச் சுண்ணாம்பு வேறு அடித்து வைக்கும். ஒரு துளையில் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தார். கொஞ்சம் போய் நின்றது. "பழசு. காஞ்சி செத்துப்போச்சு" என்றார்.

கடைசிச் சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு கட்டையாகத் தண்ணீரில் தள்ளிவிட்டு, எவ்வளவு மேலே தெரிகிறது என்று பார்த்தார். நாலு கட்டை கெத்தாக மிதந்தன. இடது ஓரம் பின்பக்கம் தாழ்ந்து, சோம்பலாக ஒரு பக்கம் புரண்டது. விலை அந்த இடத்தில் இறங்கியது. முழு விலையும் ஒரு பழைய புல்லட் விலையில் கால் பங்குகூட வராது என்பதால் நான் பேரம் பேச வெட்கப்பட்டேன். பெரியவர் வெட்கப்படவில்லை.

கட்டைகள் அல்பீசியா. கேரளத்திலிருந்து லாரியில் வந்து இறங்குகிற எடை குறைந்த மரம். இந்த மாதிரி மரமாகப் பார்த்து எடுப்பதற்குக் காரணம் உண்டு. படகு மிதப்பது அதன் குழிந்த வயிற்றால். தண்ணீர் உள்ளே புகுந்தால் கதை முடிந்தது. கட்டுமரம் மிதப்பது மரத்தின் சொந்த மிதப்பால். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். தண்ணீர் இறைக்கிற வேலையே இல்லை. ஆனால் லேசான மரம் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும். குடிக்கக் குடிக்கக் கனக்கும், தாழும். அதனால்தான் கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப்போடுவது. வேலை முடிந்தபின் ஓய்வுக்குப் போடுவதாகச் சின்ன வயதில் நினைத்திருந்தேன். காய்வதும் அதன் வேலையில் பாதி.

கட்டைகளை 407-இல் ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் சிவப்புத் துணி கட்டி, பொன்னேரி வழியாக வந்தோம். மீஞ்சூர் தாண்டி டிராபிக்கில் நின்றபோது டிரைவரும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பெரியவர் கேட்டார்: "அது கெடக்கட்டும், மரத்த எங்க போடுவே?"

"கரையிலதான் தாத்தா."

"கரை எங்க கீது?"

எங்கள் கரை எங்கே போனது என்பது எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்த கதை. இந்தக் கடலோரத்தில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வாடைக்காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். ஆனாலும் வருஷக் கணக்கில் வடக்குதான் ஜெயிக்கும். இந்த மணல் ஊர்வலத்தின் குறுக்கே 1870-களில் மெட்ராஸ் துறைமுகத்தின் கல் கைகள் நீண்டன. அதற்கு முன் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆட்களும் சாமான்களும் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலை தாண்டிப் போவார்கள், கடிதங்களைக் கட்டுமரக்காரர்கள் ஓலைத் தொப்பிக்குள் வைத்து நனையாமல் கொண்டுபோவார்கள். 1881 நவம்பர் புயல் கட்டி முடிகிற நிலையில் இருந்த துறைமுகத்தை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். மணல் தெற்கே நின்றுவிட்டது. மெரினா அகன்றுகொண்டே போனது அந்த மணலால்தான். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்கு வர வேண்டிய பங்கு வரவில்லை. கடல் மட்டும் வழக்கம்போல எடுத்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் வயசானவர்கள் அலைக்குள் கையைக் காட்டி "அதோ அங்கதான் எங்க தெரு" என்பார்கள். மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் எங்கள் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் சொன்னால் நண்பர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

துறைமுகத்தின் வாய் முதலில் கிழக்கே பார்த்து இருந்தது. மணல் வந்து அடைத்ததால் அதை மூடி வடகிழக்கில் திறந்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், 1904 முதல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர். கணிதமேதை ராமானுஜன் 1912-இல் கிளார்க்காகச் சேர்ந்தது இவரிடம்தான். யாட்ச் கிளப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதை 1911-இல் நிறுவியவரும் இதே ஸ்பிரிங். பாய்மரப் படகு ஓட்டுவதில் அவருக்குப் பிரியம். அந்தப் படகுகள் அலையடிக்காத துறைமுகத்துக்குள் இன்றும் சுகமாக நிற்கின்றன. வெளியே வடக்கில் பாய்மரங்கள் நிற்க இடமில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அவர் வேலையை அவர் நன்றாகச் செய்தார். ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் வருவதுதான் உறுத்துகிறது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை பிறகு கருங்கல் கொட்டினார்கள். கல் சாலையைக் காப்பாற்றும், மணலைத் தராது. 2000-களில் தூண்டில் வளைவுகள் வந்தன, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் விரல்கள். அவற்றுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் மணல் திரும்பிச் சேர்ந்திருக்கிறது. 2025 மே மாதம் திருவொற்றியூர் குப்பத்திலேயே சூரை மீன்பிடித் துறைமுகமும் திறந்தாகிவிட்டது. ஃபைபருக்கும் விசைப்படகுக்கும் அது உபயோகம். தண்ணீரிலேயே கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கட்டுமரத்தைத் தண்ணீரில் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் ஊறிக் கனத்துவிடும், புழு வேறு வரும். அதற்கு வேண்டியது சரிவான, காய்ந்த மணல். மணல் போனால் ஃபைபர் கஷ்டப்பட்டாவது பிழைத்துக்கொள்ளும். மரம் பிழைக்காது. கட்டுமரம் போனதற்குச் சுனாமியையும் இன்ஜினையும் சொல்கிறார்கள், சரிதான். எங்கள் பக்கத்தைப் பொறுத்தவரை மணல் போனதை முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

பெரியவர் ஊரில் பேசினார். குப்பத்துக் கரையில் எந்த இடத்தில் யார் படகு நிற்கும் என்பது ஊர்ப் பெரியவர்கள் கையில். இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு இடையே ஒரு மணல் திட்டில், வலைக் கொட்டகைக்குப் பின்னால், கட்டைகளைப் பிரித்து அடுக்க இடம் கொடுத்தார்கள். நிபந்தனைகள் உண்டு. நான் மட்டும் தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது. நான் மீன் விற்கக் கூடாது. ஊரில் யாருக்காவது அவசரத்துக்கு மரம் வேண்டுமென்றால் கேட்காமல் எடுப்பார்கள். திருவிழாவுக்கு வரி உண்டு. வாடகை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. மாசாமாசம் பார்க்கிங்குக்குப் பணம் கட்டுகிற எனக்கு அது புதுசாக இருந்தது.

தனியாகப் போகக் கூடாது என்பதற்குச் சட்டக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. மீன்பிடிக் கலத்தைத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன் கீழ் மீன்வளத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கடலில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நிறுத்தினால் மீனவர் அடையாள அட்டை கேட்பார்கள். கம்பெனி பேட்ஜைக் காட்டினால் சிரிப்பார்கள். துறைமுக எல்லைக்குள் போகவே கூடாது. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர், காட்டுப்பள்ளி என்று எங்களுக்கு இரண்டு பக்கமும் எல்லைதான். ஆகவே மரத்தில் பாதிப் பங்கு பெரியவரின் சகோதரி மகனுக்கு. அண்ணன் என்றே கூப்பிடுகிறேன். பதிவு, அட்டை எல்லாம் அவர் பொறுப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாரம்பரிய மரத்துக்கு அந்தத் தடை இல்லை. அந்த மாதங்களில் அவர் கரையோரமாக வலை விட்டு வருகிற மீனுக்கு நல்ல விலை. பாடு முழுவதும் அவருக்கு. எனக்கு ஓய்வு நாள் கிடைக்கிறபோது ஓட்டம்.

பாயைப் பற்றிச் சொல்லவில்லையே. அந்தக் காலத்தில் பருத்தித் துணி, மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்துச் செம்பழுப்பாக இருக்கும், உப்புக்கும் பூஞ்சணத்துக்கும் தாங்கும். மதராஸ் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் எழுதிய ஆய்வில் கட்டுமரத்துக்கும் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். எனக்கு வாய்த்த பாயை அவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. ஃப்ளெக்ஸ் பேனர். வெளிப்பக்கம் வெள்ளை. உள்பக்கம் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன்களின் படங்கள் வரிசையாகக் கூலிங்கிளாஸோடு. முக்கோணமாக வெட்டித் தைத்ததில் நாலு மாமன்களில் ஒன்றரை பேர் மிஞ்சியிருக்கிறார்கள். காற்று பிடித்துப் பாய் புடைத்தால் 'அனைவரும் வருக' என்பது நெட்டாக எழும். மாற்றலாம் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மாற்றுகிற எண்ணம் இல்லை.

ஓட்டம் இப்படி. இரவு முழுக்க நிலம் ஆறிக் கிடக்கும், கடல் அவ்வளவு ஆறாது. விடியலில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும். அதில் மரத்தைத் தள்ளினால் துடுப்பு போட வேலையில்லாமல் கடல் நம்மை உள்ளே கூட்டிக்கொண்டு போகும். பகலில் நிலம் சூடேறினதும் உச்சி வேளைக்குள் காற்று திரும்பி, கடலிலிருந்து கரைக்கு வீசும். அதில் வீடு திரும்புவது. போகவும் வரவும் ஆண்டவன் டிக்கெட் போட்டு வைத்திருக்கிறான். டீசல் விலையைப் பார்த்தபிறகு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

கஷ்டமெல்லாம் அலை தாண்டுவதில். மூன்று பெரிய அலை வந்தபின் ஒரு சின்ன இடைவெளி வரும். அண்ணன் தண்ணீரில் இடுப்பளவு நின்று அதற்காகக் காத்திருப்பார். "இப்ப" என்பார். தள்ளிவிட்டு ஏறி, மண்டிபோட்டுத் துடுப்பைக் குத்தினால், அடுத்த அலை உடைகிற இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் மரம் நிமிர்ந்து நம்மைப் பின்னால் வழித்துப் போடும். தாண்டியதும் பாய்மரத்தைக் கட்டைக்குழியில் நிறுத்தி, பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கேயும் கட்டிவிடக் கூடாது. திடீர்க் காற்று வந்தால் விட்டுவிட வேண்டுமே. காற்று பக்கவாட்டில் வந்தால் மரம் நண்டு மாதிரி சரிந்து போகும். கட்டைகளுக்கு நடுவே ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினால் நேரே பிடிக்கும். அந்தப் பலகை இறங்குகிற நொடியில் முழங்காலுக்குக் கீழே மரம் விறைத்துக்கொண்டு முன்னால் பாய்வது தெரியும். நான் இதையெல்லாம் வாங்கியதே அந்த ஒரு நொடிக்காகத்தான் என்று தோன்றுகிறது.

ஆடி மாசக் கச்சானில் மட்டும் அண்ணன் பாயைத் தொட விடமாட்டார். தென்மேற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வருகிற காற்று. கரையோரம் கடல் வழுவழுவென்று ஏமாற்றும், உள்ளே போகப் போகத் தூக்கும். திரும்பி வருவதற்கான கடற்காற்று அன்றைக்கு வராமலே போகலாம். "போறதுக்கு காத்து நல்லாருந்தா சந்தேகப்படு" என்பார்.

செலவைக் கேட்டால், வாங்கினதை விடப் பராமரிப்புதான். எண்ணெய் வருஷத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும். மீனெண்ணெய் நாற்றத்தில் என் சட்டைகள் தனியாகத் துவைக்கப்படுகின்றன. கயிறு இன்னொரு சண்டை. தேங்காய்நார்க் கயிறு மரத்தைக் கடித்துப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் இற்றுப்போகும். நைலான் உழைக்கும், நனைந்தால் நீளும், கடலுக்குள் கட்டு தளர்ந்து கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உரச ஆரம்பிக்கும். பிட்டர் புத்தியில் நான் ஒரு நாள் எஸ்.எஸ். போல்ட் போட்டு இறுக்கிவிடலாமே என்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. பெரியவர்தான், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போல்ட்டு போட்டா எப்டி காய வெப்பே?" என்றார்.

இப்போது கார்த்திகை. வாடை அடிக்கிறது, கடல் கலங்கலாக எகிறுகிறது. மரம் பிரித்துக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியாகிவிட்டது. மழையில் எங்கே காய்வது, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். இடது ஓரக்கட்டை இந்த வருஷத்தோடு சரி. புதுக் கட்டை கேரளத்திலிருந்து வரவழைத்து, செதுக்கி, மற்ற நாலோடு உட்கார வைக்க வேண்டும். செதுக்கத் தெரிந்த ஆள் பழவேற்காட்டில் ஒருத்தர் இருக்கிறாராம். அண்ணனுக்கு வேறு யோசனை. தெர்மாகோலை வைத்து மேலே ஃபைபர் பூசின கட்டுமரமாகவே மாற்றி, பின்னால் ஒரு லாங்டெயில் இன்ஜினைத் தொங்கவிட்டால் அவருக்குத் தொழில் நடக்கும். பாதி மரம் அவருடையது. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. புதுக் கட்டைக்கு நான் பணம் போடுகிறேன், இன்ஜினுக்கு அவர் சேர்க்கட்டும், எது முதலில் வருகிறதோ அது என்று பேசி வைத்திருக்கிறோம். தை பிறந்ததும் பழவேற்காடு போகிறேன். பெரியவர் இப்போதே ஜன்னலோர சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.